புது ஃபில்டரை நிரப்பி மாட்டுவதா, காலியாக மாட்டுவதா?

வண்டியைத் தூக்கி நிறுத்துவது, சம்ப் போல்ட்டைக் கழற்றுவது இரண்டும் சென்ற அத்தியாயத்தோடு முடிந்தன. பழைய ஆயில் தட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது ஃபில்டர் வேலை.

இங்கேதான் ஆளுக்கொரு பேச்சு. லாரி வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக், "ஆயில் ஊத்தாம ஃபில்டரை மாட்டாதீங்க, எஞ்சின் காஞ்சு ஓடும்" என்பார். சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் இளைஞர் உறையைக் கிழித்து, ரப்பரில் ஒரு சொட்டு ஆயில் தடவி, காலியாகவே திருகிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். இருவர் கை பட்ட வண்டிகளும் நன்றாகத்தான் ஓடுகின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண பெட்ரோல் காரில் நிரப்புவது கட்டாயமில்லை. ஃபில்டர் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுகிற வண்டியாக இருந்து, சுத்தமாகச் செய்ய முடியும் என்றால் நிரப்புங்கள். டர்போ வண்டி என்றால் கொஞ்சம் மெனக்கெட்டாவது நிரப்பலாம். அழுக்குக் கையோடும் திறந்து கிடந்த ஆயில் கேனோடும் நிரப்புவதைவிடக் காலியாக மாட்டுவதே மேல்.

எதற்காக நிரப்புகிறார்கள்?

சிறிய காரின் ஃபில்டருக்குள் ஏறத்தாழ 200 முதல் 300 மி.லி. ஆயில் பிடிக்கும். காலியாக மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குகளுக்கு ஆயிலை அனுப்பும். இதற்குச் சில நொடிகள் ஆகும். அதுவரை டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியும். டைமிங் செயின் உள்ள வண்டியில் லேசான கடகட சத்தமும் கேட்கலாம்.

அந்தச் சில நொடியில் எஞ்சின் கெட்டுவிடாது. ஆயிலை இறக்கினாலும் பேரிங்கின் மேல் மெல்லிய ஆயில் படலம் ஒட்டியபடிதான் இருக்கும். ஐட்லிங்கில் பாரமும் இல்லை. டர்போவின் தண்டு மட்டும் வேறு ரகம். அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும், ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கும். அதற்கு ஆயில் தாமதமாகப் போகாமல் இருப்பது நல்லது.

லாரி மெக்கானிக் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. பெரிய டீசல் எஞ்சினின் ஃபில்டர் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆனால் தயாரிப்பாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின் கையேடு, மாட்டும் முன் ஃபில்டரைச் சுத்தமான ஆயிலால் நிரப்பச் சொன்னது. கேட்டர்பில்லர் தன் எஞ்சின்கள் பலவற்றுக்கு நிரப்பவே கூடாது என்று எழுதுகிறது. ஊற்றும் ஆயில் வடிகட்டப்படாத ஆயில், அதில் தூசி இருந்தால் நேரே பேரிங்குக்குப் போகும் என்பது அவர்கள் வாதம். ஆக, உங்கள் வண்டியின் கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரி இருந்தால், இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு அதன்படி செய்யுங்கள்.

உங்கள் ஃபில்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

நிரப்பலாமா என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது இதுதான். வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பாருங்கள்.

*தொங்கும் ஃபில்டர்:* எஞ்சினின் அடியிலிருந்து டப்பா கீழ்நோக்கித் தொங்கும். கீழிருந்து மேலே தூக்கித் திருக வேண்டும். வாய் மேலே பார்ப்பதால் ஆயில் சிந்தாது. இதை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பலாம்.

*சாய்ந்த ஃபில்டர்:* பல கார்களில் இப்படித்தான். சரிவைப் பார்த்து மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ ஊற்றலாம். உள்ளே இருக்கும் காகித மடிப்புகள் குடித்த ஆயில் சாய்த்தாலும் சட்டென்று வெளியே வராது.

*படுத்த ஃபில்டர், தலைகீழ் ஃபில்டர்:* காலியாகவே மாட்டுங்கள். ஊற்றியதில் பெரும்பகுதி கையிலும் சைலன்சர் குழாயிலும்தான் வழியும். சூடான சைலன்சரில் சிந்திய ஆயில் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

டப்பாவே இல்லாமல், பிளாஸ்டிக் மூடிக்குள் காகித உருளை மட்டும் இருக்கிற வண்டிகளும் உண்டு. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

எந்த ஓட்டையில் ஊற்றுவது?

நிரப்புகிறவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. புது ஃபில்டரின் முகத்தைப் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை, சுற்றிலும் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், விளிம்பில் ரப்பர் வளையம்.

பம்ப்பிலிருந்து வரும் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போகிறது. காகிதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு வடிகட்டப்பட்டு, நடு ஓட்டை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. நடு ஓட்டை சுத்தமான பக்கம். அதில் நீங்கள் ஊற்றுவது எதுவும் காகிதத்தைத் தாண்டாமல் பேரிங்குக்குப் போய்விடும். கேன் மூடியை உடைக்கும்போது விழுந்த பிளாஸ்டிக் சுருள், புனலில் ஒட்டியிருந்த மண் எல்லாம் அதில் அடக்கம்.

எஞ்சின் தலையில் உள்ள வாயில் ஊற்றும் ஆயில் அப்படியல்ல. அது சம்ப்புக்கு இறங்கி, பம்ப் வழியாக ஃபில்டரைத் தாண்டித்தான் பேரிங்குக்கு வரும். அதனால் மேலே ஊற்றும்போது பொறுக்கிற சின்ன அழுக்கு, நடு ஓட்டையில் பொறுக்காது.

எனவே ஊற்றுவது எப்போதும் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளில். அவற்றுக்குப் பின்னால் ஆரஞ்சு அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் மடல் தெரியும். எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்பி வடியாமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே போகும் ஆயிலுக்கு அது வழிவிடும், ஆனால் மெதுவாக. அவசரப்பட்டு ஊற்றினால் முகத்தில் தேங்கி, நடு ஓட்டைக்குள் வழிந்துவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் வண்டிக்கு உரிய ஃபில்டர், சீல் உடைக்காத ஆயில் கேன், ஃபில்டர் ஸ்பேனர், ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்ச், நூல் உதிராத பழைய பருத்தித் துணி, ஆயில் பிடிக்கும் தட்டு, டார்ச்.

பனியன் வேஸ்ட் தரை துடைக்க நல்லது. ஃபில்டர் வாய்க்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவராதீர்கள். பிசிறு உள்ளே போகும்.

கடையில் வாங்கும்போதே ஃபில்டரின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா, மரையில் இரும்புச் சீவல் ஒட்டியிருக்கிறதா, உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றி வாங்குங்கள். பழைய ஃபில்டரோடு பக்கத்தில் வைத்து மரை அளவும் ரப்பர் வளையத்தின் அகலமும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் தலையை விட வேண்டும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தால் போதும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு ஃபில்டரைத் தொடாதீர்கள். பழைய ஆயில் தோலில் அடிக்கடி படுவது புற்றுநோய் வரையில் கொண்டுபோகக் கூடும். அதனால் கையுறையை விடாதீர்கள்.

படிப்படியாக

1. பழைய ஃபில்டருக்கு நேர் கீழே தட்டை வையுங்கள். அதற்குள் இருக்கும் கால் லிட்டர் ஆயில் கழற்றும்போது வழியும்.

2. ஃபில்டர் ஸ்பேனரால் இடப்பக்கம் திருகித் தளர்த்துங்கள். பிறகு கையாலேயே சுழற்றி எடுங்கள். வழுக்கினால் டப்பாவைச் சுற்றி உப்புத்தாளைக் கொடுத்துப் பிடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் பழைய வித்தை வேண்டாம். மெல்லிய தகடு கிழிந்துவிடும், அடித்தட்டு மட்டும் எஞ்சினிலேயே ஒட்டி நிற்கும். அப்புறம் படும் பாடு பெரும்பாடு.

3. கழற்றிய ஃபில்டரின் முகத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவித் தேடி எடுங்கள். இதைப்பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

4. எஞ்சின் பக்கத்து முகத்தைத் துணியால் துடையுங்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் மண் ஓட்டைக்குள் போகாது.

5. கையுறையை மாற்றுங்கள். இங்கிருந்து சுத்தமான கை தேவை.

6. புது ஃபில்டரை நிமிர்த்தி, வாய் மேலே பார்க்க, ஒரு கிண்ணத்துக்குள் நிற்க வையுங்கள். நடு ஓட்டையைக் கையுறை போட்ட கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள்.

7. சீல் உடைத்த புதுக் கேனிலிருந்து சிரிஞ்சில் ஆயிலை உறிஞ்சி, ஒரு சின்ன ஓட்டையில் முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள். மற்ற ஓட்டைகள் வழியாகக் காற்று குமிழி விட்டு வெளியேறும். குமிழி நின்றதும் அடுத்த சிரிஞ்ச். சிரிஞ்ச் இல்லாவிட்டால் கூர்மூக்கு உள்ள சுத்தமான புட்டியும் போதும்.

8. இரண்டு நிமிடம் பொறுங்கள். காகிதம் ஆயிலைக் குடிப்பதால் மட்டம் இறங்கும். தொங்கும் ஃபில்டரானால் இன்னொரு முறை ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வாய்க்குக் கீழே இரண்டு விரல் அகலம் காலியாக இருக்கட்டும்.

9. எத்தனை மி.லி. ஊற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். லெவல் பார்க்கும்போது தேவைப்படும்.

10. ரப்பர் வளையத்தின் மேல் புது ஆயிலை விரலால் சுற்றித் தடவுங்கள். நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் இது கட்டாயம். காய்ந்த ரப்பர் திருகும்போது முறுக்கிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றவும் வராது.

11. கையால் திருகி ஏற்றுங்கள். முதல் இரண்டு சுற்று வெண்ணெயாக வர வேண்டும். இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி வையுங்கள்.

12. ரப்பர் எஞ்சினைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். சில டப்பாக்களில் அளவு மேலேயே அச்சிட்டிருக்கும், அதுதான் கணக்கு. ஃபில்டர் ஸ்பேனர் கழற்றுவதற்கு; இறுக்குவதற்கு அதை எடுக்காதீர்கள்.

13. சிந்திய ஆயிலைத் துடையுங்கள். இல்லாவிட்டால் கசிவு எது, சிந்தியது எது என்று பிறகு தெரியாது.

குறிப்பு: நிரப்பும்போது ஏதாவது உள்ளே விழுந்தது போலச் சந்தேகம் வந்தால், அந்த ஃபில்டரை மாட்டாதீர்கள். அதன் விலை எஞ்சின் வேலைக் கூலியில் ஒரு துளி.

பழைய ரப்பர் வளையம்

ஃபில்டரை நிரப்பாமல் மாட்டியதால் எஞ்சின் போனது என்று சொல்லி வரும் வண்டிகளில், விசாரித்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். அவற்றில் முதல் இடம் இதற்குத்தான்.

பழைய ஃபில்டரின் ரப்பர் ஓராண்டுச் சூட்டில் இறுகி எஞ்சினின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. கழற்றும்போது டப்பா மட்டும் வருகிறது. கறுப்பு ரப்பர், கறுத்த உலோகம், அடியில் இருட்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிடுகிறோம். இரண்டு வளையமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, இறுக்கும்போது சரியாகத்தான் இருப்பதுபோல் தோன்றும். ஐட்லிங்கில் கசியாமலும் இருக்கலாம். சாலையில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஆயில் அழுத்தம் ஏறுகிறது, மேல் வளையம் நழுவுகிறது, சம்ப்பில் இருந்த ஆயில் முழுக்கச் சற்று நேரத்தில் ரோட்டில். டிரைவர் சிவப்பு விளக்கைப் பார்ப்பதற்குள் பேரிங் பிடித்துவிடும்.

டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. விரலை முகத்தைச் சுற்றி ஓட்டுங்கள். உலோகத்தின் வழவழப்புதான் விரலில் தட்டுப்பட வேண்டும். கழற்றிய ஃபில்டரைத் தட்டில் போடும் முன் அதன் வளையம் அதனிடமே இருப்பதை உறுதி செய்யுங்கள்.

ஆயில் லெவல் கணக்கு

கையேட்டில் இரண்டு அளவு இருக்கும்: ஃபில்டரோடு, ஃபில்டர் இல்லாமல். முன்கூட்டியே நிரப்பினாலும் மொத்த அளவு மாறாது. எங்கே ஊற்றுகிறோம் என்பதுதான் மாறும். உதாரணமாக ஃபில்டரோடு 3.5 லிட்டர் என்றால், ஃபில்டரில் 250 மி.லி. போட்டவர் மேலே ஊற்ற வேண்டியது 3.25 லிட்டர். இந்தக் கழித்தலை மறந்து முழு 3.5 லிட்டரையும் மேலே ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. லெவல் அதிகமானால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைச் சரியாகத் தாங்காது.

அதனால் கணக்குப்படி வருவதில் அரை லிட்டரைக் குறைத்தே முதலில் ஊற்றுங்கள். மீதியை டிப்ஸ்டிக் சொல்லட்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் டிப்ஸ்டிக் பொய் சொல்லும்.

முதல் ஸ்டார்ட்

1. சம்ப் போல்ட், ஆயில் மூடி, டிப்ஸ்டிக் மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா? வண்டியைத் தரையில் இறக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

2. ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். நிரப்பிய ஃபில்டரானால் சிவப்பு விளக்கு சீக்கிரமே அணையும். காலி ஃபில்டரானால் மேலும் சில நொடி எடுக்கும்.

3. 10 நொடி கடந்தும் விளக்கு அணையவில்லை என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் ஊற்றினோமா, கீழே வழிகிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

4. ஒரு நிமிடம் ஓடியதும், டார்ச்சோடு குனிந்து பக்கவாட்டிலிருந்து ஃபில்டர் விளிம்பையும் சம்ப் போல்ட்டையும் பாருங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியை ஓடவிட்டு அடியில் போகாதீர்கள்.

5. நிறுத்தி, ஆயில் இறங்க ஐந்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக் பாருங்கள். காலியாக மாட்டியவருக்கு லெவல் குறைந்திருக்கும். ஃபில்டர் குடித்த அளவுதான் அது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் மேல்கோட்டை ஒட்டி வரும்வரை சிறிது சிறிதாகச் சேருங்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் அடித்து, முதலில் ஆயிலை ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல முறைதான். சாவி போடும் பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்றுவிடும். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஆனால் அந்த வசதி இல்லாத வண்டியில் இதைச் செய்தால், ஆயில் ஏறாத எஞ்சின் முழு வேகத்தில் அலறும். கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் மோட்டார் ஆற நேரம் விடுங்கள்.

காகித உருளை வண்டிகள்

ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் நிரப்பும் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. மூடியைத் தளர்த்தியதும் உள்ளே இருந்த ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும், ஊற்றினாலும் அதே வழிதான். ஃபில்டரோடு வரும் புது ஓ-ரிங்கை அதற்குரிய பள்ளத்தில் உட்கார வைத்து, ஆயில் தடவுங்கள். பிளாஸ்டிக் மூடியை வெறியோடு இறுக்காதீர்கள், விரிசல் விடும். மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்பதுபோல அளவு அச்சிட்டிருந்தால், டார்க் ரிஞ்சால் அந்த அளவுக்கு இறுக்குங்கள்.

பழைய ஆயிலும் பழைய ஃபில்டரும்

பழைய ஃபில்டரைத் தலைகீழாக ஒரு இரவு வடியவிட்டால் மேலும் ஆயில் இறங்கும். அதை மற்றதோடு சேர்த்துக் காலிக் கேனில் ஊற்றி மூடுங்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் கரையான் வராமல் மரத்தில் தடவவும் கேட்டு வாங்குகிறவர்கள் ஊரெங்கும் உண்டு. கொடுக்காதீர்கள். இது கடைசியில் மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். அத்தகைய நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேனை அங்கே சேர்த்துவிடுங்கள்.

தேதி, கிலோமீட்டர், ஃபில்டர் எண், ஊற்றிய மொத்த ஆயில் நான்கையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் அடியில் ஒரு அட்டையை விரித்துப் பார்த்து, டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை உருவிப் பாருங்கள்.